தளும்பாத கோப்பை

கோப்பை முழுசாக நிரம்பவில்லை, அதற்குள் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டார் கடைக்காரம்மா. மீதியையும் ஊற்றுவார் என்று காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த தோழி கண்ணாலேயே "குடி" என்றாள். கோப்பையே குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை அளவுதான். அதிலும் குறை வைத்தால்? மனசு சுருக்கென்றது.

வந்தவர்களுக்குக் குறை டம்ளர் நீட்டினால் என்ன அர்த்தம் என்று நம்மில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வால்பாறை எஸ்டேட்டில், எங்கள் லைன் வீட்டில் பால் தீர்ந்துபோன நாளிலும் அம்மா கட்டஞ்சாயாவைத் தளும்பத் தளும்பத்தான் கொடுப்பாள். டம்ளரை வாங்குகிறவர் விரலில் கொஞ்சம் சிந்தவில்லை என்றால் அவளுக்கு மனசு ஆறாது.

நான் இருப்பது ஸியாமெனில். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துத் துறைமுக ஊர். வந்து மூன்று வருடம் ஆகிறது. பழகிவிட்டது என்று போன மாதம்தான் அண்ணனிடம் சொன்னேன். மீன் சந்தையில் பேரம் பேச வருகிறது, எந்த பஸ் எங்கே போகும் என்று தெரிகிறது. இங்கே டீ இல்லாமல் எந்தக் காரியமும் தொடங்காது. உடைந்த போன் திரையை மாற்றப் போனால்கூட, உட்காரவைத்து ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்று கேட்பார்கள். இந்தப் பக்கத்துப் பேச்சில் டீ குடிப்பதற்கு "லிம் தே" என்பார்கள். முதன்முதலாகக் காதில் விழுந்தபோது நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். நம் தேயிலையின் "தே" இதுதான்! இந்தக் கரையில் கப்பலேறிப் போன சொல். மற்ற ஊர்ச் சீனர்களின் "ச்சா"தான் நம் சாயா. இரண்டையும் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்ந்திருக்கிறேன், இவை எங்கே பிறந்தவை என்று தெரியாமலே.

தோழிக்குச் சொந்த ஊர் அன்ஷி. ஸியாமெனுக்கு வடக்கே இருக்கும் மலைநாடு, தியே குவான்யின் என்ற தேயிலைக்குப் பேர்போனது. குவான்யின் அவர்களுடைய கருணைத் தெய்வம். தேயிலையின் பெயருக்கு இரும்புக் குவான்யின் என்று பொருள். தெரிந்தவர் கடையில் மூன்று தேயிலைகளைச் சுவைத்துப் பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போயிருந்தாள்.

கடைக்காரம்மா 7 கிராம் இலையை நிறுத்து, மூடி போட்ட சின்ன வெள்ளைக் கிண்ணத்தில் போட்டார். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டார். சில விநாடிதான், அத்தனையையும் தட்டில் கொட்டிவிட்டார். முதல் டிகாஷனைப் போய் கொட்டுவார்களா! எனக்கு அடிவயிறு பதறியது. அது இலையைக் கழுவி எழுப்புவதற்காம். கொட்டிய நீர், தட்டில் உட்கார்ந்திருந்த மூன்றுகால் தேரை பொம்மையின் முதுகில் ஆவி பறக்க வழிந்தது. எப்போதும் முதல் டீ அதற்குத்தான் என்றாள் தோழி. பதற்றம் அடங்கிவிட்டது. காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் வீட்டில் பிறந்தவளுக்கு இது புரியாதா?

முதல் தேயிலை அதிகம் வறுக்காதது. நீர் வெளிர்பச்சை, பூ வாசம். வசந்தத்தில் பறித்தால் ருசி, இலையுதிர் காலத்தில் பறித்தால் மணம் என்று அன்ஷியில் சொல்வார்களாம். அடுத்தது அதையே நன்றாக வறுத்தது. மூன்றாவது, வூயி மலைப் பாறைகளுக்கு நடுவே வளர்ந்தது. கரியும் ஈரக் கல்லும் கலந்த மாதிரி ஒரு வாசம், பிறகு நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. முகத்தைச் சுளித்தேன். "பொறு" என்றாள் தோழி. கொஞ்ச நேரத்தில் தொண்டையின் அடியிலிருந்து இனிப்பு ஏறி வந்தது. அதற்கு ஹுய்கான் என்று பெயர், திரும்பி வரும் இனிப்பு. எனக்கு அது நெல்லிக்காய்! பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காயைக் கடித்துவிட்டு, அந்த இனிப்புக்காகவே குழாயடிக்கு ஓடியிருக்கிறோம். அதைத் தோழிக்கு விளக்குவதற்குள் அடுத்த கோப்பை வந்துவிட்டது. அதுவும் குறையாகவே.

அப்புறம் கேட்டேவிட்டேன். தோழி பதறிப்போனாள். மதுவை நிரப்பிக் கொடுப்பது மரியாதை, டீயை நிரப்பிக் கொடுத்தால் விருந்தாளியை விரட்டுவது போல என்றாள். கோப்பைக்குக் கைப்பிடி கிடையாது. விளிம்புவரை ஊற்றினால் பிடிக்கிற விரல் வெந்துவிடும். ஏழு பங்கு டீ, மீதி மூன்று பங்கு அன்பு என்று அவர்களுக்குப் பழமொழியே இருக்கிறது.

அதன் பிறகுதான் கவனித்தேன். கடைக்காரம்மா என் கோப்பையை ஒருமுறைகூடக் காலியாக விடவில்லை. ஒரே இலையில் ஏழு முறை வெந்நீர். பிள்ளைகள் படிப்பு, மழை, மீன் விலை என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அம்மா டம்ளரைத் தளும்ப நிரப்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. காலையில் சங்கு ஊதிவிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டாம் முறை ஊற்ற அவளுக்கு எங்கே நேரம் இருந்தது?

கிளம்பும்போது கடைக்காரம்மா வெந்த இலைகளை வெள்ளைத் தட்டில் விரித்துக் காட்டினார். சின்னச் சின்ன உருண்டைகளாக உள்ளே போனவை, காம்போடு, நரம்போடு, ஓரத்துப் பல்லோடு முழு இலைகளாகப் படுத்திருந்தன. அப்படி ஓர் இலையை எங்கள் வீட்டு டீயில் நான் பார்த்ததே இல்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் வீட்டுக்கு வந்ததெல்லாம் டஸ்ட் டீ பாக்கெட்தான். நான்கு இலைகளைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு, ஊரில் ஆறரை, வீடியோவில் அம்மாவுக்கு அவற்றைக் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"எவ பறிச்சது இத? முத்தின இலை. எங்க கங்காணி தராசுலயே ஏத்தமாட்டாரு."

இந்த வகைக்கு மொட்டு விரிந்து இலை முற்றும்வரை காத்திருந்துதான் பறிப்பார்கள் என்றேன். நம்பவில்லை. காம்பைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தாள்.

"வயிறு நிறையக் குடுத்தாங்களா?"

"மூணு மணி நேரம் ஊத்திக்கிட்டே இருந்தாங்கம்மா."

"மூணு மணி நேரமா?" என்றாள். "உக்காந்தா குடிச்சீங்க?"