மாயேபூரில் ஒரு சிக்கன ஜனவரி

மொரிஷியசில் சிக்கனமாக இருந்து பார்க்க ஜனவரியைப் போல் பொருந்தாத மாதம் வேறு இல்லை. டிசம்பரில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் ஒரு மாதச் சம்பளம் போனஸாக வரும், அது சட்டம். வருவதற்கு முன்பே அது செலவாகிவிடும், அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படுவதில்லை. பொனானே என்று இங்கே சொல்லும் புத்தாண்டுக்கு விருந்து, புதுத்துணி, பட்டாசு. அது முடிந்த கையோடு பள்ளிக்கூடம் திறக்கும்: சீருடை, நோட்டு, ஷூ. புயல் காலமும் அதுதான். தைப்பூசமும் சில வருடங்களில் அதற்குள்ளேயே வந்து நிற்கும். இத்தனையும் தெரிந்தே 2024 ஜனவரியில் ஆரம்பித்தோம். கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை. டிசம்பர் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

நான் மாயவரத்துக்காரி. கல்யாணமாகி மாயேபூருக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. வீட்டுக்காரருக்கு விமான நிலையத்தில் வேலை. அது பக்கத்திலேயே இருக்கிறது. கீழ் வீட்டில் அத்தையும் மாமாவும், மேலே நாங்கள் இருவரும் மகளும். அடுப்பு ஒன்றுதான். ஐந்து பேருக்குச் சாப்பாடு, சில்லறைச் செலவு, ஊர் சுற்றல் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 3,000 ரூபாய் (மொரிஷியஸ் ரூபாய்தான்) என்று முடிவு செய்தோம். கடன் தவணை, கரண்டு, தண்ணீர், போன், அவர் வேலைக்குப் போய்வரும் பெட்ரோல் எல்லாம் தனிக் கணக்கு. அட்டையை அலமாரியில் பூட்டிவிட்டு, கவரில் ரொக்கமாக எடுத்து வைத்தேன். இந்த ஊர் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழில்தான் எழுதியிருக்கும். 1998இல் புது நோட்டு வந்தபோது தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டுவிட்டார்கள். தமிழர்கள் விடவில்லை, நோட்டைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள். அப்படிப் போராடி வாங்கிய எழுத்தை ஒரு கவரில் இருந்து எடுத்துக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. அட்டையில் அந்தத் தயக்கம் வராது.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. நாங்கள் சின்ன ஊரில் இருந்துகொண்டு பெரிய ஊரில் செலவு செய்து கொண்டிருந்தோம். சனிக்கிழமை வந்தால் பகாத்தெல் மால். இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். "சாமான் அங்கே மலிவு" என்று கிளம்புவோம். சூப்பர்மார்க்கெட்டில் சோப்பில் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்போம். அப்புறம் மகளுக்கு ஐஸ்கிரீம், அவருக்கு நூடுல்ஸ், எனக்கு "சும்மா பார்க்கலாம்" என்று நுழைந்த துணிக்கடை, போக வரப் பெட்ரோல். சமையலறையில் எங்கே குறைக்கலாம் என்று நான் பருப்பு டப்பாவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் போனது அங்கே இல்லை, நெடுஞ்சாலையில். ஊர் சுற்றலும் கவருக்குள்தான் என்று சொன்னவுடன் பகாத்தெல் தானாகவே நின்றுவிட்டது. யாரும் பெரிதாக அழவும் இல்லை, மகளைத் தவிர.

அவளை ஊரிலேயே இருக்கும் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை. 1810இல் கிராண்ட் போர்ட் கடல் சண்டையில் காயம்பட்ட பிரெஞ்சுத் தளபதிக்கும் ஆங்கிலேயத் தளபதிக்கும் அந்த ஒரே வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களாம்மா?" என்று அவள் கேட்டாள். எனக்கென்ன தெரியும். பிறகு புளூ பே கடற்கரை, கையில் கட்டுச்சோறு. இந்த ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அண்டா பிரியாணியோடு கடற்கரைக்குப் போவதை முன்பு வேடிக்கையாகப் பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு என்று இப்போதுதான் உறைத்தது.

இனி அரிசி. இங்கே அரசாங்கம் மானியம் கொடுத்து விற்கும் ரேஷன் அரிசி உண்டு. அந்த ஜனவரியில் கிலோ 10 ரூபாய் 80 காசு. 100 கிராம் ரொட்டி 2 ரூபாய் 60 காசு. அதுவும் மானியம்தான். ரொட்டியை எல்லா வீட்டிலும் வாங்குவார்கள். அரிசியை வாங்க மட்டும் வெட்கம். "ஆயோ, அதை நாய்க்கல்லவா வடிப்பார்கள்!" என்றார் அத்தை. உண்மையிலேயே பலர் நாய்க்குத்தான் வாங்குகிறார்கள். நொய் அதிகம், வடித்தால் குழையும், ஒரு மாதிரி வாடையும் அடிக்கும். சோற்றுக்கு நானும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நான் அதை இட்லிக்குப் போட்டேன். மூன்று நான்கு தண்ணீர் விட்டு அலசினால் வாடை போய்விடும். நாலுக்கு ஒன்று உளுந்து, கொஞ்சம் வெந்தயம், அரைக்கும்போது முதல் நாள் சோறு ஒரு கை. ஜனவரி வெயிலுக்கு மதியம் அரைத்து வைத்தால் ராத்திரிக்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளும். வெந்த இட்லியைப் பிட்டால் உள்ளே கண்ணு கண்ணாக இருந்தது. புழுங்கல் அரிசி இட்லியின் வழவழப்பு வராதுதான். அத்தை நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, "இது எந்த அரிசி?" என்றார். நான் சொன்னேன். ஐந்தாவதையும் எடுத்துக்கொண்டார். இதில் விலை உளுந்துக்குத்தான்.

திங்கட்கிழமைச் சந்தை இல்லாமல் இந்த மாதம் ஓடியிருக்காது. காலையில் போனால் காய் நன்றாக இருக்கும், விலையும் நன்றாக இருக்கும். மதியம் தாண்டிப் போனால், திருப்பி வண்டியில் ஏற்றுவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்று வியாபாரிகளுக்கு அவசரம். கீரைக்கு இங்கே ப்ரெத் என்று பெயர். முருங்கைக்கீரை, சேப்பங்கீரை, சௌசௌ கொடியின் நுனி, தண்டுக்கீரை எல்லாம் வரும். நான் வழக்கமாக வாங்கும் அம்மா, மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலால் கீரை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே பேசுவார். காலையில் கட்டு இருபத்தைந்து. கடை கட்டும் நேரத்தில் மூன்று கட்டு ஐம்பது. அப்போது நுனி துவண்டிருக்கும், வீட்டில் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் தலை நிமிர்ந்துவிடும். காய்களுக்கு விலையை லீவ் கணக்கில் சொல்வார்கள். லீவ் என்றால் அரைக் கிலோ. புதிதாக வருகிறவர்கள் அதைக் கிலோ விலை என்று நினைத்து சந்தோஷப்பட்டுவிடுவார்கள்.

ஜனவரி 15, பொங்கல் அன்றுதான் பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குக் காற்றும் மழையும் கரண்டு இல்லாத ராத்திரியும்தான். புயல் என்றால் இந்த ஊரே ரொட்டி, மத்தித் தகர டப்பா, மெழுகுவர்த்தி வாங்க ஓடும். கவரைக் காட்டி எங்களை நானே தடுத்து நிறுத்திவிட்டேன். வீட்டில் மெழுகுவர்த்தி இருந்தது. தைப்பூச விரதம் தொடங்க இருந்ததால் மத்திக்கும் வேலை இல்லை. பொங்கலை அடுப்பில் உள்ளேயே வைத்தோம். காஸ் சிலிண்டர் பன்னிரண்டு கிலோ அப்போது 240 ரூபாய், 2022க்கு முன்பு 180. அதனால் பொங்கலைப் பொங்கவிட்டதும் அணைத்து, மூடி வைத்துவிட்டேன். சூட்டிலேயே குழைந்துவிட்டது.

புயலுக்குப் பிறகு சந்தையில் கீரை காணாமல் போனது. தக்காளிப் பக்கம் போகவே முடியவில்லை. ஆனால் கொல்லையில் பப்பாளி மரம் சாய்ந்துவிட்டது, அவ்வளவும் காய். பப்பாளிக்காய்க் கூட்டு, பப்பாளிக்காய்ப் பொரியல், சாம்பாரில் பப்பாளிக்காய், கடைசியில் கடுகும் மஞ்சளும் போட்டு ஊறுகாய். மாமா ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கடவுளைக் கும்பிட்டார். விரதம்தானே, கேட்டால் பக்தி என்பார்.

இதுவரை எல்லாம் சுலபம். கஷ்டம் வாசலுக்கு வெளியே. சின்ன ஊரில் நீங்கள் சிக்கனமாக இருப்பது உங்கள் வீட்டு விஷயம் இல்லை. கையில் என்ன பை, எந்தக் கடைப் பை, சனிக்கிழமை கார் கிளம்பியதா என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வாரம் எதிர்வீட்டு அம்மா அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, மகனுக்கு வேலை போய்விட்டதா என்று விசாரித்தாராம். அத்தைக்கு அன்று முழுக்க முகம் சரியில்லை. "ரேஷன் அரிசியை இனிமேல் கறுப்புப் பையில் போட்டுக் கொண்டுவா" என்றார். கொண்டுவந்தேன். அத்தை, மாமா காலத்தில் மூலைச் சீனர் கடையில் கார்னே என்ற நோட்டில் எழுதிக் கடனுக்கு வாங்கி, சம்பளம் வந்ததும் அடைத்த குடும்பம். இல்லாமல் இருந்து பார்த்தவருக்கு, இல்லாதவர் மாதிரி தெரிவது எப்படி விளையாட்டாக இருக்கும்? அந்தக் கோபம் நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

தைப்பூசம் 25ஆம் தேதி. வீட்டுக்காரரின் அண்ணன் காவடி எடுத்தார். பூ, பழம், தேங்காய், பால், அவர் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு என்று நாத்தனார் வீட்டிலும் நாங்களும் பங்கு போட்டோம். கவரில் இருந்ததெல்லாம் அன்றே காலி. அதில் கணக்குப் பார்க்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "நீயே போய் அண்ணனிடம் சொல்லு" என்றார். நான் போகவில்லை. கோயிலில் வாழையிலையில் ஏழு கறிச் சோறு போட்டார்கள், எல்லாம் மரக்கறிதான். அந்த ஒரு வேளை மட்டும் மிச்சம்.

மாதக் கடைசியில் பார்த்தால் வாரத்துக்கு 3,000 என்பது 3,500 பக்கத்தில் போய் நின்றது. டிசம்பரை விடுங்கள், சாதாரண மாதத்தோடு ஒப்பிட்டாலே பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். பகாத்தெல் இப்போது மாதம் ஒரு தடவை. ரேஷன் அரிசி இட்லி தொடர்கிறது, கறுப்புப் பையோடு. பால்பவுடரை மட்டும் குறைக்க முடியவில்லை. கப்பலில் வருவது, ஐந்து பேருக்கும் காலையில் டீ வேண்டும். மறுபடி செய்தால் ஜூன், ஜூலையில் செய்வேன். புயல் இருக்காது, காய் மலிவு, பண்டிகையும் குறைவு. திரியோலே, கியூர்பிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது உளுந்து எந்தக் கடையில் மலிவு என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.