பிரட்டுக்களத்தில் ஒரு சிற்பம் வைக்கப் பட்ட பாடு

மலையகத்திலிருந்து சிற்பம் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். களிமண், அச்செடுப்பு, வார்ப்பு எல்லாம் வகுப்பில் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் உயர்நிலை வகுப்புக்கு வந்து, ஓர் இடத்துக்கென்றே ஒரு படைப்பைத் திட்டமிடச் சொன்னால், அந்த இடம் யாருடையது, யாரிடம் போய்க் கேட்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என் இறுதியாண்டின் பெரும்பகுதி அதிலேயே போனது.

நான் தேர்ந்தெடுத்தது தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பழைய பிரட்டுக்களம். விடியக்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்த இடம். அங்கே நான் வைக்க நினைத்தது இடுப்பளவு உயரத்தில் வளைந்த ஒரு சுவர், அதன் மேல் பிடுங்கிப் போட்ட தேயிலைத் தூர்கள், வேர் வானத்தைப் பார்த்தபடி. மறுநடுகைக்காகச் செடிகளைப் பிடுங்கிய பழைய தேயிலை மலை ஒன்று பக்கத்திலேயே இருந்தது. மண் தேறுவதற்காகக் குவாத்தமாலா புல் போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் விட்டுவைப்பார்கள் இல்லையா, அந்த நிலையில். தூர்கள் எல்லாம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு விறகாகப் போய்க்கொண்டிருந்தன.

தொரை, அதாவது தோட்ட மனேஜர், உடனே "செய்யுங்க" என்றார். கடிதமாகக் கேட்டதும் கொழும்புத் தலைமையகத்தைக் கேட்கச் சொன்னார். அங்கே போனால், காணி அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள்தான் என்றார்கள். அது உண்மைதான். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் மட்டும் கம்பனிகளிடம் வந்தது. ஆனால் இதைச் சொல்ல ஒரு போன் போதுமே, கொழும்பு வரை எதற்காக வரச் சொன்னார்கள்? கிராம சேவகரின் கடிதம் இருந்தால் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதித் தருவோம் என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் முதலில் கேட்க வேண்டியது தற்காலிகமாக வைப்பதற்கான ஆட்சேபனையின்மைக் கடிதம். காணி அனுமதி என்று ஆரம்பித்தால் முடிவே வராது.

கிராம சேவகர் நல்ல மனிதர், அந்த வேலை சுலபமாக முடிந்தது. அடுத்துப் போன அரசாங்கக் கந்தோரில்தான் எரிச்சல். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழில் கேட்டேன். தமிழ் தெரிந்தவர் லீவு, இன்னொரு நாள் வாங்க என்றார் அந்த எழுதுவினைஞர். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. நுவரெலியா மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. திரும்பப் போனபோது அடுத்த கேள்வி: "சாமி சிலையா, தலைவர் சிலையா?" இரண்டும் இல்லை என்றால் எந்தக் கோப்பில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் தடவை, பத்தில் ஒரு பங்கு அளவில் செய்திருந்த மாதிரியுருவை அட்டைப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே பிடித்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது தேயிலை வேர்தானே, எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்க" என்றார். அன்றைக்கே கோப்பு நகர்ந்தது. வரைபடத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள், மாதிரியுருவைக் கையோடு கொண்டுபோங்கள்.

இடம் பார்க்க வந்த அதிகாரி, சரிவில் அத்திவாரம் வெட்டக்கூடாது என்று எழுதிவிட்டார். 2014 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு மலையகத்தில் யாரும் இதோடு வாதாடக்கூடாது, நானும் வாதாடவில்லை. ஆனால் கம்பி கட்டிச் சிமெந்து போடுவதாக இருந்த திட்டம் முழுக்கப் போயிற்று.

அப்போதுதான் ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவிடம் போனேன். தோட்டத்துக் கல்கட்டுகள் பாதி அவர் கைபட்டவை. "சிமெந்து பூசினா தண்ணி உள்ளுக்கே நிக்கும் புள்ள. அப்புறம் சொவரையே தள்ளிரும்" என்றார். சிமெந்தே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்ட அவர்தான் சொல்லித் தந்தார். பெரிய கல் அடியில், முகப்பு கொஞ்சம் பின்சாய்வாக. இடைக்கிடை ஒரு நீளக் கல்லைக் குறுக்கே விட்டு முன்னையும் பின்னையும் பிணைக்க வேண்டும். உள்ளே சின்னக் கல்லாக அடைத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு கல்லையும் வைத்த பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். துளி ஆடினாலும் எடுத்துவிடுவார், அடியில் கல்சில்லு வைத்துச் சமாளிக்க விடமாட்டார். எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு கிடைத்ததில்லை. முதல் திட்டத்தைவிட இதுதான் அந்த இடத்துக்கு உரியது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

தூர்களை நிறுத்தத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போடுங்கள். சாதாரண இரும்பு துருவேறிப் பருத்தால் கல்லையே பிளந்துவிடும், எங்கள் மழைக்கு அது சீக்கிரம் நடக்கும். தூரை நிழலில் நன்றாகக் காயவிட்ட பிறகே எண்ணெய் பூச வேண்டும். வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஒன்றும் நடக்காது.

கடைசி இடி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மதிப்பீட்டுக்குப் படைப்பைக் கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டுமாம்! இடத்துக்கென்று செய் என்று சொன்னவர்களே லொறியில் ஏற்றிவரச் சொல்கிறார்கள். அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செராவின் 'டில்டெட் ஆர்க்' பற்றி எழுதிக் கொடுத்தேன். 1981இல் நியூயோர்க் சதுக்கமொன்றில் நிறுவிய எஃகுச் சுவர் அது. இடம் மாற்றினால் அது அழிந்ததற்குச் சமம் என்று அவர் வாதாடியும், 1989இல் வெட்டி அகற்றினார்கள். கூடவே இன்னோர் அமெரிக்கக் கலைஞரான ராபர்ட் ஸ்மித்சனையும் காட்டினேன். 1968இல் அவர் ஓர் இடத்தின் கல்லையும் வரைபடத்தையும் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தையே சுட்டும் தனிப் படைப்புகளாக்கினார். அதுபோல மண்டபத்தில் மாதிரியுரு, வரைபடம், போட்டோ, நான்கு கல். சுவரைப் பார்க்க ஒரு பரீட்சகர் தோட்டத்துக்கு வருவது என்று முடிவாயிற்று. வந்தவர் சுவரில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு கல்லும் ஆடவில்லை.

இன்னொன்று. எத்தனை வருடம் இருக்கும், யார் பராமரிப்பது, எடுக்க வேண்டி வந்தால் யாருக்கு முன்கூட்டி அறிவிப்பது, இத்தனையையும் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். எங்கள் தொரை மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் முதல் வாரமே அந்தக் கற்களைத் தண்ணீர்க் கான் கட்ட எடுக்கச் சொல்லியிருக்கிறார். கணக்கப்பிள்ளை கடிதத்தின் பிரதியைக் காட்டியதால்தான் சுவர் நிற்கிறது.