அணி நோட்டு: ஆறு வாரத்தில் நான்கு

பள்ளியில் அணி இலக்கணம் எனக்கு இரண்டு மதிப்பெண் வினா. 'போல' வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவேன். அந்தக் குறை உறுத்தியதால் ஆனி மாதம் ஒரு நோட்டு வாங்கினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி நெய்வேலியில் இறங்குவதற்குள் படிப்பது. வாரத்துக்கு ஓர் அணி. தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் சொல்லும் பொருளணிகள் (பொருளால் அழகு தருபவை) 35. ஆறு வாரம் ஆகிவிட்டது, நான்கைத் தாண்டவில்லை.

உவமை முதல் வாரத்திலேயே முடிந்தது. "தேன் மாதிரி இருக்கும், சாப்பிட்டுப் பாருங்கள்" என்று பண்ருட்டிப் பலாச்சுளையை நீட்டினார் ஒரு வியாபாரி. தேன் உவமை, சுளை பொருள், 'மாதிரி' உருபு. இனிப்பு என்ற பொதுத்தன்மையை அவர் சொல்லவில்லை, ஆகவே தொகையுவமை. சுளையும் நன்றாகவே இருந்தது.

இரண்டாம் வாரம் சறுக்கினேன். கயல்விழி, பவளவாய், மலர்முகம் மூன்றையும் உருவகம் என்று எழுதி, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தமிழ் டீச்சரிடம் பெருமையாகக் காட்டினேன். மூன்றையும் அடித்துவிட்டார்.

"மலர் போன்ற முகம் என்று விரித்தால் சரியாக வருகிறதல்லவா தம்பி? அது உவமைத்தொகை. முகமலர் என்று திருப்பிப் போடு. இப்போது முகமாகிய மலர். அதுதான் உருவகம்."

'போன்ற', 'ஆகிய' இரண்டையும் நடுவில் வைத்துப் பார்ப்பது அவர் சொன்ன வழி. அதோடு நானாக ஒன்று சேர்த்துக்கொண்டேன்: பின்னால் வரும் வினை யாருடையது என்று பார்ப்பது. மலர்முகம் வியர்க்கும், முகமலர் வாடும். உவமைத்தொகையில் கடைசியில் நிற்பது முகம், உருவகத்தில் பூ. பள்ளியிலேயே யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த மூன்று வாரத்தையும் ஏகதேச உருவகம் விழுங்கியது. 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' என்ற குறளில் பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் அப்படியே விட்டுவிட்டார். ஒன்றை உருவகம் செய்து, அதற்குத் துணையானதைச் செய்யாமல் விடுவது ஏகதேசம். விளக்கம் புரிந்தது. ஏன் விட வேண்டும் என்பதுதான் புரியவில்லை. சோம்பலோ என்றுகூட நினைத்தேன்.

கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் அந்தக் கல்லே தெப்பமாகக் கரை சேர்ந்தது எங்கள் ஊரில்தான் என்பார்கள். கரையேறவிட்டகுப்பம் என்றே இங்கே ஓர் இடம் உண்டு. ஒரு ஞாயிறு அந்தப் பக்கம் போய்வந்த பிறகு, அவருடைய 'மனமெனும் தோணி பற்றி' என்ற தேவாரத்தை எடுத்துப் படித்தேன். மனம் தோணி, மதி கோல், சினம் சரக்கு, மதன் பாறை. எல்லாவற்றுக்கும் 'எனும்' போட்டவர் கடலுக்கு மட்டும் போடவில்லை, வெறும் 'செறிகடல்'. வள்ளுவர் கடலைச் சொல்லித் தெப்பத்தை விட்டார்; அப்பர் தோணியைச் சொல்லிக் கடலை விட்டார். விட்ட இடத்தை நிரப்பும்போதுதான் பாட்டு நம்முடையதாகிறது என்று நோட்டில் எழுதினேன். அப்பர் பாட்டையும் ஏகதேசத்தில் சேர்க்கலாமா என்ற வழக்கு டீச்சருக்கும் எனக்கும் இன்னும் முடியவில்லை.

இந்த வாரம் தற்குறிப்பேற்றம். இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றுவது. நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்: உப்பனாற்றில் கட்டிய படகுகள், கடலுக்குப் புறப்படும் படகைப் பார்த்துப் 'போகாதே' என்று தலையாட்டுகின்றன.

"மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனை 'வராதே' என்று கைகாட்டியதைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்றார் டீச்சர். அதையும் அடித்துவிட்டார்.