விலைப்பட்டியலில் இடித்த ஒரு ரூபாய்

சின்னப் பதிப்பகம் ஒன்றுக்கு விலைப்பட்டியல் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. இருப்புக் கணக்கிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பு வரும், அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்க்குறி வைத்த கோப்பு. அதை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி என்ற மொழியில் எழுதிய டெம்ப்ளேட் வழியாக ஓட்டினால் இணையப் பக்கம் கிடைக்கும். கழிவு போடுவது, ஆசிரியர் வாரியாகப் பிரிப்பது, தலைப்புக்கு நிறம் தருவது எல்லாம் அந்த ஒரே டெம்ப்ளேட்டில்தான். ஓடுகிறதே என்று நானும் தொடவில்லை.

அப்புறம் புத்தகக் கண்காட்சிக்கு அச்சுப் பட்டியல் வேண்டும் என்றார்கள். பழையதை நகலெடுத்துத் தோற்றத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாளில் ஃபோன்: "சார், நெட்ல 167ன்னு இருக்கு, அச்சுல 166 இருக்கே. எந்த விலைக்கு விக்கிறது?"

185 ரூபாய்ப் புத்தகத்துக்கு 10 சதவீதக் கழிவு போனால் 166.50. இணைய டெம்ப்ளேட்டில் இருந்தது ரவுண்ட் என்ற கட்டளை. அது அரையை மேலே தூக்கி 167 ஆக்கும். அச்சில், எண்ணை அழகாகக் காட்டத்தானே என்று ஃபார்மட்-நம்பர் என்ற கட்டளை போட்டிருந்தேன். எக்ஸ்எஸ்எல்டி 2.0 விதிப்படி, அது சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். அதாவது 166. அலங்காரத்துக்கு என்று வைத்த கட்டளை கணக்கும் போட்டுவிட்டது.

சரி என்று வேலையை இரண்டு படிகளாகப் பிரித்தேன். முதல் டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல்லை வாங்கி எக்ஸ்எம்எல்லையே தரும்: கழிவு போன முழு ரூபாய் விலை, ஆசிரியர் வாரிக் குழு, இருப்பு நிலை. அடுத்த டெம்ப்ளேட்டுகள் அதை வாங்கி வரைவதோடு சரி. பெருக்கல், கழித்தல் எதுவும் அங்கே கிடையாது.

எது கணக்கு, எது காட்சி என்பதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. ஐந்து பிரதிக்குக் கீழே போனால் சிவப்பு நிறம் என்று பழைய டெம்ப்ளேட்டில் இருந்தது. ஐந்து என்பது பதிப்பகத்தின் முடிவு, அது முதல் படிக்குப் போனது. 'குறைவு' என்ற அடையாளம் மட்டும் வெளியே வரும். அதைச் சிவப்பாக்குவதா, நட்சத்திரம் போடுவதா என்பது இரண்டாவது படியின் பாடு.

வரிசைப்படுத்தலையும் காட்சி என்றே முதலில் நினைத்தேன். ஆனால் கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ன, ந-வை அடுத்தே, ய-வுக்கு முன்பே வருகிறது. அதனால் 'கயிறு' இருக்க, 'கனவு' முன்னால் வந்து நின்றது. அகராதியில் கயிறுதான் முதலில். எழுத்துகளை அகரவரிசைப்படி மாற்றிக்கொடுக்கும் ஒரு ட்ரான்ஸ்லேட் வரி எழுதி, அதையும் முதல் படியிலேயே முடித்தேன்.

முதல் முறை ஓட்டியபோது பக்கத்தில் அட்டவணையே இல்லை. பெயரும் விலையும் ஒரே கஞ்சியாகக் கொட்டிக் கிடந்தன. முதல் படியின் வெளியீட்டுக்கு ஒரு நேம்ஸ்பேஸ், அதாவது பெயர்க்குறிகளுக்கு ஒரு குடும்பப் பெயர் மாதிரி, கொடுத்திருந்தேன். இரண்டாவது டெம்ப்ளேட் அது இல்லாமல் தேடியது. எதுவும் பொருந்தாவிட்டால் எக்ஸ்எஸ்எல்டி பிழை சொல்லாது, உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே கொட்டும். இதற்கு ஒரு மாலைப் பொழுது போனது. எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ் என்று ஒரு பண்பைச் சேர்த்ததும் சரியானது.

ஆயிரத்துக்கு மேல் போகும் விலைக்குக் காற்புள்ளி வைப்பது மட்டும் இன்னும் இரண்டு டெம்ப்ளேட்டிலும் தனித்தனியாக இருக்கிறது. முழு ரூபாய் வந்துவிட்டதால் அங்கே ஃபார்மட்-நம்பர் இருந்தாலும் வம்பில்லை. விட்டுவிட்டேன்.