கண்ணைக் கடைசியில் வரையுங்கள்

டெல்லியில் ஓவிய வகுப்புக்குப் போகும் நம்மவர் பிள்ளைகளிடம் நவீன பாணியில் ஒரு பெண்ணின் உருவப்படம் போடச் சொன்னால், முதலில் இரண்டு பெரிய கண் வரும். பிறகு மூக்கு கோணலாகும், பாதி முகம் நீலமாகும். ஆள் காணாமல் போய், முகமூடி மிஞ்சும். அவர்களை அரை நாள் இந்தியா கேட் பக்கம் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போங்கள். 1954-இல் திறந்த இடம், திங்கட்கிழமை விடுமுறை. முகத்திலிருந்து எதையாவது எடுத்துவிட்டால், ஆளை அடையாளம் காட்டும் பாரத்தை வேறு எது தாங்குகிறது என்ற ஒரே கேள்வியோடு பார்க்கச் சொல்லுங்கள்.

தொடங்க வேண்டிய படம் அம்ரிதா ஷெர்கில்லின் ‘மூன்று பெண்கள்’ (1935). இது அருவ ஓவியம் இல்லை, மூவருக்கும் முகம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் பின்னால் சுவர், ஜன்னல், முற்றம் என்று எதுவும் இல்லை. யாரும் யாரையும் பார்ப்பதும் இல்லை. பாரிஸில் ஒளியும் நிழலுமாக வரையப் பழகிய கை, இங்கே நிழலைக் குறைத்து வண்ணத்தைப் பரப்பாக வைத்திருக்கிறது. அவர்கள் நிலைமையைச் சொல்வது தாழ்ந்த இமையும் உட்கார்ந்த விதமும்தான். அஜந்தாவைப் பார்த்து, தெற்கே வந்து போன பிறகு 1937-இல் அவர் போட்ட ‘சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தார்’ படத்தில் இந்தக் குறைப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1941-இல் 28 வயதில் போய்விட்டார். அந்தப் பாதை எங்கே போய் முடிந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

வங்காள ஓவியர் ஜாமினி ராய் படங்களில் பாரம் முழுக்கக் கோட்டின் மேல். மீன் வடிவக் கண், நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே இழுப்பு. சிக்குக் கோலம் போடுகிறவர் கை எடுக்காமல் புள்ளியைச் சுற்றி வருவது போன்ற கோடு அது. அவர் வரைந்த பெண்களை உருவப்படம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் எல்லாரும் ஒரே பெண். ஆனால் கோடு பழக அவரைவிட நல்ல ஆசான் கிடைக்கமாட்டார்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: ஜாமினி ராய் கடையில் விற்கும் எண்ணெய் வண்ணத்தை விட்டுவிட்டு மண் நிறங்களுக்கும் புளியங்கொட்டைப் பசைக்கும் போனவர். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இரவு ஊறவைத்து மைய அரையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பருப்பு 40 கிராம் போதும். சிறு தீயில் அரை மணி நேரம் கிளறி, பளபளப்பு வந்ததும் துணியில் வடிகட்டுங்கள். வெயில் காலத்தில் இரண்டு நாளில் புளித்துவிடும், அதனால் அன்றன்றைக்குக் காய்ச்சுவது நல்லது. பருத்தித் துணிக்கு இதே பசையில் சாக் (chalk) தூள் கலந்து மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் துணியைச் சுருட்டும்போது பாளம் பாளமாக வெடிக்கும். வண்ணத்தில் பசை கூடினால் காய்ந்ததும் செதில் விடும். குறைந்தால் விரல் பட்டாலே சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். மே மாதம் வீசும் ‘லூ’ என்ற அனல் காற்றில் பிரஷ் நுனியிலேயே மை காய்ந்து கோடு நடுவில் அறுந்துபோகும், விடியற்காலையில் வரையுங்கள். மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து இழுங்கள்.

ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் அன்னை தெரசா படங்களில் முகமே இல்லை. வெள்ளைப் புடவைக்குள் ஒரு இருட்டு, நீலக் கரை, அவ்வளவுதான். பார்த்த நொடியில் யாரென்று தெரிகிறது, ஏனென்றால் அந்தக் கரை உலகத்துக்கே தெரியும். உங்கள் பாட்டியின் முகத்தை இப்படி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் புடவை. பாட்டிக்கென்று ஒரு ‘கரை’ இருக்கிறது, அதைத் தேட வேண்டும்: முந்தானையை இழுத்துச் செருகும் விதம், மூக்குக்கண்ணாடி சரிந்து நிற்கும் இடம், கழுத்து முன்னால் நீளும் அளவு.

ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் கேரளத்துக் கூத்துப்பரம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு ஓவியம் பயிலச் சாந்திநிகேதன் போனவர். கண்ணாடியின் பின்புறம் அவர் வரைந்த பெண்களுக்கு நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படத்தின் முறைதான்: எல்லாம் தலைகீழ் வரிசை. கருவிழி, நகை, கோடு முதலில், அப்புறம் கன்னத்து நிறம், புடவை, பின்னணி கடைசி. கன்னத்தைப் பூசிய பிறகு கண்ணைத் திருத்த வழியே கிடையாது. இடம் வலம் மாறும் என்பதால், மூக்குத்தி எந்தப் பக்கம் தெரிய வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காவிட்டால் வண்ணம் முத்து முத்தாகத் திரளும். முதல் பூச்சு நன்றாகக் காயாமல் அடுத்ததைப் போட்டால் கோடு கரைந்து ஓடிவிடும்.

கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் மை படிந்த பெண் முகங்களைப் பார்க்கும்போது ஒன்று மட்டும்: அது யார் என்று தேடாதீர்கள். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை உருவங்களாக இணைத்து இணைத்து ஓவியத்துக்கு வந்தவர் அவர்.

வீட்டுக்கு வந்து வரைய உட்கார்ந்தால், தெரிந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அரை ஷீட்டில் கரித்துண்டால் முதலில் வகிட்டிலிருந்து தாடைக்கு ஒரு கோடு, தலைச் சாய்வுக்காக. அடுத்தது தோள் கோடு. இரண்டும் செங்குத்தாக வெட்டினால் பொம்மை வரும். சாய்வை நிஜத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். பிறகு கழுத்தின் பக்கம் இருக்கும் வெற்றிடம், புடவை மடிப்பில் இரண்டே கோடு. கண்ணுக்கு இடம் கடைசியில். பத்தடி தூரத்தில் சுவரில் ஒட்டி, வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். “யாரோ ஒரு பொம்பளை” என்று பதில் வந்தால் முகத்தில் கை வைக்காதீர்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத் திரும்ப அளந்து பாருங்கள், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.