ஒருமை, பன்மை

“பிள்ளைகளைன்னு போட்டிருக்கியேம்மா, இன்னொரு பிள்ளை எங்க?”

புரூஃப் பார்க்கும் அக்கா கேட்டது இவ்வளவுதான். ஒருமை பன்மை பார்ப்பது அவர் வேலை. பெவர்லி சில்ஸ் பற்றி நான் எழுதிய ஒரு பக்கக் கட்டுரையின் கடைசிப் பத்தியில், அந்தச் சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்திருந்தார்.

நான் முதலில் எழுதியபோது இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். நியூயார்க் ஆப்பரா பாடகிக்கு 1959-ல் மகள், 1961-ல் மகன். மகளுக்கு இரண்டு வயது நெருங்கும்போதுதான் காது கேட்காது என்று தெரிகிறது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், கைக்குழந்தையான மகனுக்குக் கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு என்கிறார்கள். சில்ஸ் பாட்டை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் பாடிவந்த நியூயார்க் சிட்டி ஆப்பரா குழுவை நடத்திய ஜூலியஸ் ரூடல் விடாமல் கடிதம் எழுதி மறுபடி மேடைக்கு இழுக்கிறார். 1966-ல் ஹேண்டலின் ஆப்பராவில் கிளியோபாட்ராவாகப் பாடியதும் ஊரே திரும்பிப் பார்க்கிறது.

மகளைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது. ஊரெல்லாம் கேட்ட குரல், பெற்ற மகளின் காதில் மட்டும் விழவில்லை. கட்டுரையின் தொடக்க வரி, அதாவது லீடு, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண் உதட்டசைவைப் படிக்கவும் பேசவும் கற்றுக்கொண்டாள், அதுவும் கதைக்குப் பொருந்தியது.

மகன் பொருந்தவில்லை. அவனைச் சின்ன வயதிலேயே ஹோமில் சேர்த்துவிட்டார்கள். அதை எழுதினால், ‘பெத்த பிள்ளையை விட்டுட்டுப் பாடப் போனாளா’ என்று கடிதம் வரும். விளக்க இன்னும் இரண்டு பத்தி வேண்டும். இருந்ததோ ஒரே பக்கம், அதிலும் கீழே கால் பக்கம் விளம்பரம். மகனைப் பற்றிய ஆறு வரியையும் எடுத்தேன். பன்மையை எடுக்க மறந்துவிட்டேன்.

இடம் இல்லை என்பது பொய்யில்லை. ஆனால் 1975-ல், 45 வயதில், மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் முதன்முதலாகப் பாடியபோது கைதட்டல் 18 நிமிடம் நீடித்தது என்ற வரிக்கு இடம் இருந்தது. எடுத்தது மகனை மட்டுமல்ல. தான் ‘ஹாப்பி’ இல்லை, ‘சியர்ஃபுல்’ என்று சில்ஸ் சொல்வதுண்டு. கவலை உண்டு, அதைச் சமாளிக்கக் கற்றிருக்கிறேன் என்ற பொருளில். இரண்டையும் ‘சந்தோஷம்’ என்றே எழுதிப் பார்த்தேன், உளறலாக இருந்தது. அதையும் எடுத்தேன்.

அக்காவின் மகனுக்கு 19 வயது. ஆட்டிசம். தினமும் மதியம் மூன்று மணிக்கு அக்காவின் அம்மா போன் செய்து பையன் காதில் வைப்பார். “சாப்டாச்சா கண்ணு?” என்று அக்கா மூன்று முறை கேட்பார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். வைத்துவிடுவார். இதெல்லாம் தெரிந்த நான்தான் அவரிடம் சொன்னேன்: “பையனை எடுத்துட்டேன்க்கா. ஹோம்ல விட்டுட்டாங்க. கதை குழம்புது.”

“எத்தனை வயசுல விட்டாங்க?”

“சின்ன வயசுலயேக்கா.”

“ம்” என்றார். அப்புறம் ‘களை’யை அடித்து மேலே ‘யை’ என்று எழுதினார். பிள்ளையை.

அந்த வயதுக் கேள்விதான் என்னை விடமாட்டேன் என்கிறது. விட்டவரைக் குறை சொல்லவா கேட்டார், இல்லை, தனக்காகக் கேட்டாரா? சும்மாவும் கேட்டிருக்கலாம். ஒரு ‘ம்’மில் நான்தான் என்னென்னவோ ஏற்றுகிறேனோ என்னவோ.

ஒருவேளை அந்த ஆறு வரி அச்சுக்குப் போயிருந்தால், ‘ஹோம்’ என்ற சொல்லை அவர் எழுத்தெழுத்தாகப் படித்திருக்க வேண்டும். அதைத் தவிர்த்தேனே என்று ஒருநாள் தேற்றிக்கொண்டேன். சுத்தப் பொய். வரிகளை எடுத்தபோது அவர் நினைப்பே எனக்கு வரவில்லை.

பிறகு படித்தபோது தெரிந்தது: உடல், மனக் குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் தரவேண்டும் என்ற மத்தியச் சட்டமே அமெரிக்காவில் 1975-ல்தான் வந்திருக்கிறது. அந்தக் கைதட்டலுக்கும் அதே ஆண்டுதான். இரண்டு பத்தி தேவைப்பட்டிருக்காது, ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியமும் அந்த அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடாதா? அவரோ இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியவர், பிறவிக் குறைபாடுகளுக்காக நிதி திரட்டும் மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பின் பிரசாரத்தை முன்நின்று நடத்தியவர். யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நிற்கவில்லை.

கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. அடுத்த இதழுக்கு வந்த கடிதம் ஒன்று, “ஒரே மகளை இப்படி ஆளாக்கிய தாய்க்கு என் வணக்கம்” என்று முடிந்தது. வாசகர் கடிதப் பக்கத்தையும் அக்காதான் பார்த்தார். புரூஃப் என் மேசைக்கு வந்ததும் முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். ‘ஒரே’வுக்கு அடியில் கோடு எதுவும் இல்லை.