பின்னிணைப்பில் பன்னிரண்டு கதைகள்

முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சரிபார்த்து, யாரும் படிக்கும்படி அவற்றை இணையத்தில் வைக்கும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏற்றுவது பல்கலைக்கழக நூலகத்தில் என் வேலை. ஷோத்கங்கா வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆய்வேடு என்றால் அலமாரியில் உறங்கும் கெட்டி அட்டைப் புத்தகம். அதன் பின்னிணைப்பில் யாருடைய கதை இருக்கிறது என்று எவரும் புரட்டிப் பார்த்ததில்லை.

ஒருநாள் தமிழ்த்துறை மாணவி ஒருவர் குறுந்தகடுடன் வந்தார். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் ஏழு விழுக்காடுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி பத்து வரை தண்டனை இல்லை. நானும் கையெழுத்துப் போடப் போனேன். கடைசிப் பக்கங்களைத் தற்செயலாகத் திருப்பியபோதுதான் பார்த்தேன்: உயிரோடு இருக்கும் எழுத்தாளர் ஒருவரின் பன்னிரண்டு சிறுகதைகள், முழுமையாக. சோதனைக்குப் பின்னிணைப்பு போகவே இல்லை.

“எழுத்தாளர் பெயரைப் போட்டிருக்கிறேனே சார், இது எப்படித் திருட்டாகும்?” என்றார்.

திருட்டு இல்லைதான். பெயர் சொல்லிவிட்டால் கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு போய்விடும். பதிப்புரிமைக் கேள்வி அப்படியே நிற்கும். இந்த இரண்டையும் நானே பல ஆண்டுகள் குழப்பிக்கொண்டு, “பத்துக்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம்” என்று பலரை அனுப்பியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இணையத்தில் படித்துவிட்டு நியாயமான பயன்பாட்டுக்கான அமெரிக்கச் சட்டத்தின் நான்கு அளவுகோல்களை ஒப்பிக்கும் மாணவர்களும் உண்டு. நமக்குரியது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம், மதிப்புரை ஆகியவற்றுக்காக நியாயமாகக் கையாள்வதை அது அனுமதிக்கிறது. எத்தனை வரி, எத்தனை விழுக்காடு என்று அதில் எண்ணே கிடையாது. ஒரு கதையின் நான்கு பத்திகளை எடுத்து அலசினால் அது விமர்சனம். அலசாமல் பன்னிரண்டையும் அடுக்கி, உலகில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தால் அது ஏறக்குறைய இலவசத் தொகுப்பு.

பாரதி போன்றோரின் எழுத்து என்றால் இந்தத் தொல்லை இல்லை, நாட்டுடைமை ஆனது. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. அண்மையில் வந்த செம்பதிப்பின் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் பதிப்பாசிரியருக்குச் சொந்தம். இதைச் சொன்னால் பேராசிரியர்களே முகம் சுளிக்கிறார்கள். இதழுக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட தம் சொந்தக் கட்டுரையை ஆய்வேட்டில் ஓர் இயலாகச் சேர்க்கவும் சில நேரம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்றால், சண்டைக்கே வருவார்கள்.

மாணவி எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினார். மூன்றாம் வாரம் பதில் வந்தது. அச்சில் இல்லாத இரண்டு கதைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவை கடையில் கிடைக்கின்றன, வாங்கிப் படிக்கட்டும் என்று எழுதியிருந்தார். பத்துக் கதைகளும் வெளியேறின.

திருத்திய பிரதியைக் கையில் வாங்கி எடை பார்த்த நெறியாளர் என்னிடம் குறைபட்டார்: “என்ன சார், ஆய்வேடு இப்படி மெலிந்துவிட்டதே!”